வெறுங்கை

காட்டுப்பன்றி வேட்டையைத் தொடங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. மானுக்கென்றால் பருவம் உண்டு, உரிமம் உண்டு, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பு உண்டு. பன்றிக்கு இங்கே டெக்சாஸில் எதுவும் கிடையாது. நிலத்துக்காரர் சரி என்றால் வருடம் முழுக்கச் சுடலாம். நல்ல துப்பாக்கி ஒன்று, மக்காச்சோளம் ஒரு மூட்டை, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்கும் பொறுமை. என் தங்கை புருஷன் டுவேனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இந்த மூன்றைத்தான். ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் லீலண்ட் குபேனா. வயது ஐம்பத்தாறு. இருபத்துநான்கு வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்தேன். ஏலக் கொட்டகைகளுக்கு வரும் மாடு, ஆடு, பன்றிக்கு இரத்தம் எடுத்து, குழாயில் அடைத்து, சீட்டு ஒட்டி அனுப்புவது என் வேலை. ஒரு சீட்டுகூட மாறிப்போனதில்லை. முழங்கால் கெட்டபின் ஓய்வு வாங்கிக்கொண்டு, நவிடாட் ஆற்றுப் பக்கம் அப்பா விட்டுப்போன வீட்டில் இருக்கிறேன். வீட்டைச் சுற்றி நாற்பது ஏக்கர் புல்வயல். தங்கை வில்மாவும் என்னோடுதான் இருந்தாள். அவளுடைய முதல் புருஷன் அவளை விட்டுப் போனபோது நான்தான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அழைத்துவந்தேன். பதினொரு வருடம் இருந்தோம். காலை ஆறு மணிக்குக் காப்பி. ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பிளம் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி ஆறு. மாலையில் வானொலி. வீட்டில் ஒரு பாத்திரம் கழுவாமல் கிடந்ததில்லை, ஒரு கதவு படீரென்று சாத்தப்பட்டதில்லை.

டுவேன் பக்கெட்டை அவள் நடனக் கூடத்தில் சந்தித்தாள். பியூமாண்ட் பக்கத்து ஆள். எண்ணெய்க் குழாய்கள் ஏற்றும் லாரி ஓட்டுபவன். நான்கே மாதத்தில் கல்யாணம். ஒரு மூட்டைத் துணியோடும் ஒரு கிழட்டு நாயோடும் எங்கள் வீட்டுக்கே குடிவந்துவிட்டான்.

அவனைப் பற்றி நியாயமாகச் சொல்ல முயல்கிறேன். அவன் குடிகாரன் இல்லை. வில்மாவைக் கை நீட்டி அடித்ததில்லை. என் முழங்காலுக்காகக் குளியலறைச் சுவரில் ஒரு பிடிகம்பியை, நான் கேட்காமலேயே, ஒரு விடுமுறை நாளில் பொருத்திக்கொடுத்தான். ஆனால் அவன் வாயில் எப்போதும் புகையிலை ஒதுக்கியிருப்பான். அந்தப் பழுப்பு எச்சிலைக் கையில் கிடைத்ததில் துப்புவான். சோடா பாட்டில், தகர டப்பா, காகிதக் கோப்பை. அவை சாப்பாட்டு மேசையில், ரொட்டிக்குப் பக்கத்தில், மூடாமல் நிற்கும். மென்றுகொண்டிருக்கும்போதே சிரிப்பான், நாக்கின்மேல் இருப்பது என்னவென்று எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். ஈரத் துண்டில் அவன் முடி. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து கால் நகத்தைப் பேனாக்கத்தியால் நோண்டுவான். அதே கத்தியால் ஆப்பிளை நறுக்கி வில்மாவிடம் நீட்டுவான். அவளும் வாங்கித் தின்பாள்.

ஒருநாள் காலை என் காப்பிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அது காப்பி இல்லை.

"ஐயையோ, மச்சான், அது என்னோடதுங்க. ரெண்டும் ஒரே நீலக் கோப்பையா இருக்கே, நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். வில்மாவும் அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினொரு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அது அவளுடைய சிரிப்பே இல்லை. வேறு யாரோ அவள் வாய்க்குள் புகுந்துகொண்டது போலிருந்தது. நான் முற்றத்துக் குழாயில் வாய் கொப்புளித்தேன். தண்ணீர் சில்லிட்டுப் பல் கூசும்வரை கொப்புளித்தேன். அதன்பின் என் கோப்பையை என் அறையிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் நவம்பரில் பன்றிகள் வயலுக்குள் இறங்கின. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூக்கால் மண்ணைப் புரட்டி, புல்வேரைத் தின்றுவிட்டு, உழுது போட்டது போல விட்டுப் போகும். டுவேன் அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

"மச்சான், வயலப் பாத்தீங்களா? யாரோ பாவம், உழவு ஓட்டிட்டு கூலிகூட வாங்காமப் போயிட்டாங்க."

"பன்றி," என்றேன்.

"தெரியும் மச்சான், சும்மா சொன்னேன். எனக்குச் சுடக் கத்துக்குடுங்களேன். ஊர்ல நான் சுட்டதெல்லாம் தகர டப்பாதான். அது திரும்பி ஓடாது பாருங்க."

வில்மா சொன்னாள்: "கத்துக்குடேன் அண்ணா. ரெண்டு பேரும் சேந்து எங்கயாச்சும் போங்க. எப்பப் பாத்தாலும் முகத்தத் திருப்பிக்கிட்டே இருக்க."

நான் சரி என்றேன்.

ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்தேன். ஆற்றோரம் இருந்த பரணைச் சரிசெய்தோம். சோளத்தை வாளியில் போட்டு, பீரும் சர்க்கரையும் ஊற்றி, ஒரு வாரம் வெயிலில் புளிக்கவிட்டோம். அந்த நாற்றத்துக்கு மான் வராது, பன்றி மட்டும்தான் வரும். டுவேன் வாளிக்குள் முகத்தை விட்டு முகர்ந்து, "எங்க பெரியப்பா வாய் இப்படித்தான் நாறும்," என்றான். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை, அதனால் காற்று உன் முகத்தில் அடிக்கும்படி உட்கார் என்றேன். தோளில் சுடாதே, ஆண் பன்றிக்கு அங்கே விரல் தடிமனுக்குக் கெட்டித்தோல் இருக்கும், காதுக்குப் பின்னால் சுடு என்றேன். சொன்னதைக் கேட்டுக்கொள்வான். பரணில் துப்பாமல் இருக்க வேண்டும் என்றபோது அதையும் கேட்டுக்கொண்டான், புகையிலையை விழுங்கிவிட்டான். அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்க்க வேண்டியிருந்தது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, சூரியன் எழுந்து அரைமணி நேரத்தில், அவன் முதல் பன்றியைச் சுட்டான். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் ஆண். சேற்றில் புரண்டு புரண்டு மேலெல்லாம் ஓடு கட்டியிருந்தது. ஆண் பன்றியின் வாடை தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்காது. மூத்திரமும் அழுகின வெங்காயமும் கலந்தது போல ஒன்று, தொண்டையின் பின்பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதை ஓக் மரக்கிளையில் பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டோம். நான் சட்டைப் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"கையுறை எதுக்கு மச்சான்?"

"எனக்கு அந்த நாத்தம் பிடிக்காது," என்றேன்.

அது உண்மைதான். நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

"நான் என்னமோ பாத்திரம் தேய்க்கப் போறீங்களோன்னு நெனச்சேன்," என்று சிரித்தான். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டான். அவனுடைய வலது கை விரல் முட்டிகளில் இரண்டு, அதற்கு முதல்நாள் முள்கம்பி வேலி இழுத்துக் கட்டும்போது கிழிந்திருந்தன. காயம் இன்னும் வாய் திறந்து சிவப்பாகத்தான் இருந்தது. நான் பார்த்தேன். வயிற்றை எங்கிருந்து எங்கே கீற வேண்டும், குடலைக் கிழிக்காமல் எப்படி இறக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் இரண்டு கைகளையும் உள்ளே விட்டான்.

காட்டுப்பன்றியின் இரத்தத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். எல்லாப் பன்றியிலும் இல்லை, பத்தில் ஒன்றில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருசெல்லா என்று அந்தக் கிருமிக்குப் பெயர். வெட்டுக்காயம் வழியாக நுழையும். ஏறி இறங்கும் காய்ச்சல் வரும், மூட்டு வலி வரும், கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பிலோ இதயத்திலோ போய் உட்காரும். என்னோடு வேலை பார்த்த ஒருவனுக்கு ஊசி கையில் குத்தி வந்தது. பிழைத்தான், ஆனால் இடுப்பு போய்விட்டது. அதற்குப் பின் என் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பெட்டி கையுறை இருக்கும். அந்த டிசம்பரில் அவை வண்டியில் இல்லை. வியாழக்கிழமையே கொட்டகைக்குள் எடுத்துவைத்துவிட்டேன். ஒரு ஜோடியை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு பன்றியில் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆகவே குளிர்காலம் முழுக்கப் போனோம். பதினொரு பன்றி. அத்தனையையும் அவனையே கீறவைத்தேன். "உனக்குக் கை நல்லா வருது" என்பேன். அவனை யாரும் அதிகம் பாராட்டியிருக்க மாட்டார்கள் போல, காதுவரை சிவந்துபோவான். பெட்டையாகப் பார்த்துச் சுடு என்றும் சொன்னேன். ஓர் ஆண் செத்தால் ஒரு பன்றி குறையும், ஒரு பெட்டை செத்தால் இருபது குறையும். இது பொய்யில்லை, எந்த வேட்டைக்காரரும் சொல்வது. சினைப்பெட்டையின் கருப்பையில்தான் அந்தக் கிருமி அதிகம் என்பதும் பொய்யில்லை. அதை நான் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் ஒரு பெரிய பெட்டையைச் சுட்டான். வயிற்றைக் கீறியதும் கருப்பை சரிந்து அவன் பூட்ஸின்மேல் விழுந்தது. வெந்நீர் போல ஆவி பறந்தது. அவன் அதைக் கத்தியால் திறந்துபார்த்தான். ஏழு குட்டிகள். முடி முளைக்காமல், கண் மூடி, ஈர ரப்பர் போல. நான் நான்கடி தள்ளி நின்றேன்.

டுவேன் தொப்பியைக் கழற்றினான்.

"எனக்குத் தெரியாது மச்சான். தெரிஞ்சிருந்தா சுட்டிருக்க மாட்டேன்."

"பன்றிதானே," என்றேன்.

"இருந்தாலும்..." என்றான்.

கையால் ஒவ்வொன்றாக எடுத்தான். வாயிலும் மூக்கிலும் ஒட்டியிருந்த சவ்வைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, ஒன்றாவது மூச்சு விடுகிறதா என்று முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பின்பு ஆற்றோரத்தில் குழி தோண்டி ஏழையும் புதைத்தான். திரும்பி வரும்போது அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆறடி ஆள், மூக்கு ஒழுகிக்கொண்டு. அவ்வளவு அருவருப்பாக நான் எதையும் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்குத் தெரிந்துவிட்டது, இனி பன்றி தேவைப்படாது என்று.

இறைச்சியைப் பற்றியும் கேட்டீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் பூண்டும் மிளகும் போட்டுச் சாசேஜ் செய்வார்கள். வில்மா அம்மாவின் அரைக்கும் எந்திரத்தை எடுத்து மேசையில் பொருத்தினாள். மோதிரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டு, பெரிய தொட்டியில் இறைச்சியைப் போட்டுப் பிசைந்தாள். மணிக்கட்டுவரை கொழுப்பு. நகக்கண்ணில் சிவப்பு.

"அண்ணா, நீயும் கை போடேன். டுவேன் பிசையறேன்னு பூண்ட மறந்துட்டு எல்லாத்தையும் கெடுத்துடுவான்."

"நான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்று நாள் பனிக்கட்டியில் கிடந்த இறைச்சி. அவள் கையில் காயம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. அவளிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அவனிடம் சொல்வாள். இதை நான் எடைபோட்டுப் பார்த்தேன். அவசரப்பட்டு எடுத்த முடிவு இல்லை.

மார்ச்சில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மாலையில் ஏறும், காலையில் இறங்கும். படுக்கை விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். ஈர வைக்கோல் வாடை அடிக்கும். வில்மா தினம் விரிப்பு மாற்றினாள். ஊர் மருத்துவமனைக்கு நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். சளிக்கு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாள் தேறினான், மறுபடி விழுந்தான். மே மாதத்தில் இருபது கிலோ இறங்கிவிட்டான். லாரி வேலை போயிற்று. புகையிலையையும் விட்டுவிட்டான். வீடு சுத்தமாக ஆரம்பித்தது.

"உங்களுக்குத்தான் சிரமம் மச்சான்," என்பான், நான் சூப் கொண்டுபோய்க் கொடுக்கும்போது. "எழுந்துட்டேன்னா உங்க வேலிய முழுசாக் கட்டிக் குடுத்துடறேன்." வேலி இன்னும் பாதியில்தான் நிற்கிறது.

ஜூனில் ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனோம். இதயத்தின் வால்வு ஒன்று கெட்டுப்போயிருந்தது. என்ன கிருமி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அது ஆய்வுக்கூடத்தில் மெதுவாக வளர்வது, தேடினால்தான் கிடைக்கும். டுவேனுக்குக் குழாய் வைத்து மயக்கத்தில் படுக்கவைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு இளம் பெண் மருத்துவர் கையில் எழுதும் அட்டையோடு வந்தார். வில்மா கீழே சாப்பிடப் போயிருந்தாள். இரண்டு நாளாக ஒன்றும் தின்னாதவளை நான்தான் வற்புறுத்தி அனுப்பியிருந்தேன்.

மருத்துவர் கேட்டார்: "இவருக்கு மிருகங்களோட பழக்கம் உண்டா? ஆடு, மாடு, பன்றி? வேட்டைக்குப் போவாரா? காய்ச்சாத பால் ஏதாவது குடிச்சாரா?"

சரியான கேள்விகள். கெட்டிக்காரப் பெண்.

"லாரி ஓட்டறவருங்க. வீட்ல ஒரு கிழட்டு நாய் இருக்கு. அவ்வளவுதான்," என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"ஒரே வீடுதான் டாக்டர். கூடவே இருக்கேன்."

அவர் எழுதிக்கொண்டார். உங்களைப் போல ஒருவர் கூட இருப்பது இவருக்கு நல்லது என்று சொல்லிவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அன்றே மருந்தை மாற்றியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று நீங்கள் நேற்று கேட்டீர்கள். பிழைத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

ஜூலை ஒன்பதாம் தேதி, வால்வு மாற்றும் அறுவை சிகிச்சையின்போது, அவன் செத்துப்போனான்.

இரத்தப் பரிசோதனை முடிவு அவனை அடக்கம் செய்து ஒன்பது நாள் கழித்து வந்தது. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு செவிலி வில்மாவுக்குப் போன் செய்தார். பன்றி ஏதும் தொட்டாரா என்று கேட்டார். குளிர்காலம் முழுக்கத் தொட்டார், என் அண்ணனோடு என்றாள் வில்மா. மருத்துவமனைக் குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லையே, மச்சான் சொன்னதாக வேறு மாதிரி எழுதியிருக்கிறதே என்றார் அந்தச் செவிலி. நான் அப்போது பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வில்மா போனைக் கீழே வைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நிற்க முடிந்தது. இரண்டு வாரமாக முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். துக்கத்தினால் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நான் அப்படித்தான் நினைத்தேன் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவள் விரிப்பு ஈரமாக இருந்ததை இரண்டு முறை பார்த்தேன். அவளாகவே தேறிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

அவளுக்குக் கிருமி முதுகெலும்பில் இருக்கிறதாம். இனிமேல் கோல் ஊன்றித்தான் நடப்பாள் என்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. அது எனக்கு ஆறுதல். அவள் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லியிருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். இப்போது அப்படித்தான் இருக்கும். வலி குறைந்தபின், அந்த வீட்டில் தனியாக, எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பதைப் பார்க்கும்போது அவளுக்குப் புரியும். எனக்காக நான் எதையும் செய்யவில்லை.

இவ்வளவுதான். டுவேனை நான் கொன்றேன். வாக்குமூலத்தில் எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். அவளுக்குக் கொடுக்கும் மாத்திரையைப் பாலோடு சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. வில்மா படுக்கப்போகும்முன் ஒரு டம்ளர் பால் குடிப்பவள். இதை மருத்துவமனையில் யாராவது எடுத்துச் சொன்னார்களோ என்னவோ. ஒரு நிமிடம் போன் பேச விடுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டிய எதையும் நான் அவளிடம் சொல்லாமல் விட்டதில்லை.